கால் எரிவுக்கு ஏன் மனச்சோர்வு மருந்து? குளிசைக்கு வழி எப்படித் தெரியும்?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 62 வயது, 12 வருடமாகச் சலரோகம். ஒரு வருடமாக இரண்டு பாதமும் இரவில் தணலில் வைத்ததுபோல் எரிகிறதாம். பனடோல் கேட்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் அமிட்ரிப்டிலீன் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெட்டிக்குள் இருந்த தாளில் மனச்சோர்வுக்கான மருந்து என்று போட்டிருந்ததை மருமகன் வாசித்துச் சொல்ல, அம்மா "எனக்கென்ன விசரா?" என்று குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கேள்வியின் கடைசி வரி இது: "கால் எரிவுக்கு மூளை மருந்து ஏன்? வயிற்றுக்குள் போகிற குளிசைக்குக் காலுக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்?"

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன் தங்கச்சி, மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. குளிசைக்கு எதுவும் தெரியாது. அது குடலில் கரைந்து, ஈரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. பாதத்துக்கும் போகும், கண்ணுக்கும் போகும், மூத்திரப்பைக்கும் போகும். போகிற எல்லா இடத்திலும் அது வேலை செய்வதில்லை. அதற்குப் பொருந்துகிற பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் திறப்புப் போல நுழையும். 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் நிக்கொட்டினையும் அம்பு நஞ்சான கியூராரேயையும் தசையில் விட்டுப் பார்த்து, தசையில் இவற்றை ஏற்றுக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று சொன்னார். இன்றைக்கு நாங்கள் ஏற்பி என்று சொல்வது அதைத்தான். திருகோணமலை மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் மருந்தாளராக நின்றவன் நான். "ஐயா, தலையிடிக்குத் தந்ததை முழங்கால் நோவுக்குப் போடலாமா?" என்று யன்னல் ஓட்டைக்குள்ளால் கேட்டவர்கள் எத்தனையோ பேர். உங்கள் கேள்வியும் அதுதான். வரிசை நீளமாக இருந்ததால் அவர்களுக்கு "ஓம், போடுங்கோ" என்பதற்கு மேல் சொல்ல முடிந்ததில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் நரம்பு என்ற சொல்லைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் பேச்சில் அந்தச் சொல் இரண்டு பொருளில் ஓடுகிறது. ஊசி ஏற்ற வருகிற நேர்ஸ் "நரம்பு பிடிபடுகுதில்லை" என்றால் அவர் தேடுவது நாளத்தை, அதாவது இரத்தக் குழாயை. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் அதுதான். உண்மையான நரம்பு வெளியில் தெரியாது. முழங்கையின் உட்பக்க எலும்பு எங்கேயாவது இடிபட்டால் சின்னவிரல் வரைக்கும் சுரீர் என்று ஒன்று ஓடுமே, அது நரம்பு. இந்தக் குழப்பத்தால்தான் "நரம்பில் இரத்தம் ஓடவில்லை" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். யாழ் என்ற இசைக்கருவியில் கட்டுகிற தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். செய்தியைக் கொண்டுபோகிற இந்த நூலுக்கு அது இன்னும் நெருக்கமாக வருகிறது.

சரி, அந்த நூலுக்குள் என்ன நடக்கிறது? நீங்கள் சந்தையில் வாங்குகிற கணவாய்தான் இதற்கு விடை சொன்னது. மனிதனின் நரம்பிழை மயிரை விட மெல்லியது, உள்ளே எதையும் செருகிப் பார்க்க முடியாது. கணவாயின் உடலில் ஓர் இழை மட்டும் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தடிப்பாக இருக்கும். ஆபத்து என்றால் உடம்பை ஒரே இறுக்காக இறுக்கி, நீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னால் பாய்வதற்கு அதற்கு அது வேண்டும். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அந்த இழைக்குள் மின்கம்பியை விட்டு அளந்தார்கள். 1952இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள், 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டது இதுதான். இழைக்கு வெளியே சோடியம் அதிகம், கடல்நீரைப் போல. உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது உட்பக்கம் வெளிப்பக்கத்தை விட 70 மில்லிவோல்ற் அளவில் குறைவாக இருக்கும். ரோச் பற்றரி ஒன்றின் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. இழையின் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள். ஓரிடத்தில் தட்டினால் அங்குள்ள சோடியக் கதவு திறந்து சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் கதவைத் திறக்கும், அது அதற்கு அடுத்ததை. சீனவெடிக் கட்டில் ஒரு முனையில் நெருப்பு வைத்தால் எப்படி ஓடுகிறதோ அப்படி. கடைசி வெடியும் முதல் வெடியின் அதே சத்தத்தோடுதான் வெடிக்கும். செய்தியும் அப்படித்தான், தூரம் போகப் போகத் தேயாது. வெடித்த கட்டைத் திரும்ப வெடிக்க முடியாது, நரம்பு மட்டும் ஓரிரு மில்லிசெக்கனில் அடுத்த செய்திக்குத் தயாராகிவிடும்.

எல்லா இழையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கொழுப்புறை போர்த்திய தடித்த இழைகளில் மிக வேகமானவை செக்கனுக்கு 100 மீற்றர் அளவில் ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர், நாங்கள் நடக்கிற வேகம்தான். அடுத்த முறை கதவு நிலையில் கால் பெருவிரலை இடித்தால் கவனித்துப் பாருங்கள். முதலில் "சுரீர்" என்று ஒன்று உடனே வரும். அப்புறம் ஒரு மூச்சு இடைவெளி விட்டு, "ஐயோ" என்று உட்கார வைக்கிற அந்தப் பெரிய உளைவு வரும். இடி ஒன்றுதான், பாதை இரண்டு. அம்மாவின் காலில் எரிகிறது என்று கூப்பிடுவது இந்த இரண்டாவது, மெல்லிய இழைகள்.

அது ஏன் பாதத்தில் தொடங்கியது? பாதத்து நரம்பிழைக்குச் சொந்தமான கலம் பாதத்தில் இல்லை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே இழை இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் கடந்து விரல்நுனி வரை ஒரு மீற்றருக்கு நீள்கிறது. இழைக்குத் தேவையான சாமான் எல்லாம் மேலிருந்துதான் வர வேண்டும். வேகமாக வருகிற பகுதி ஒரு நாளைக்கு 400 மில்லிமீற்றர் வரும், மெதுவானது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடி நின்றால் நரம்புக்கே சோறு போடுகிற மெல்லிய இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும், கலத்தின் வேலையும் குழம்பும். அப்போது முதலில் வாடுவது ஆக நீளமான இழையின் ஆகக் கடைசி முனை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைவயல் முதலில் காய்வதை தம்பலகாமத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்த வருத்தம் இரண்டு காலிலும் ஒரே அளவாக, மேஸ் போட்ட இடம் மாதிரி தொடங்குகிறது. ஒரு காலில் மட்டும் எரிவு என்றால் அது வேறு காரணமாக இருக்கலாம், டொக்டரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வாடுகிற இழை சும்மா சாவதில்லை. யாரும் தட்டாமலே அதன் சோடியக் கதவுகள் தாமாகத் திறக்கும். பாதத்தில் நெருப்பு இல்லை, ஆனால் நெருப்பு என்ற செய்தி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. மூளை அதை நம்பத்தான் வேண்டும், அதற்கு வேறு சாட்சி இல்லை. பனடோல் ஏன் கேட்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. காயம் பட்ட, வீங்கிய இடத்தில் நோவைக் கூட்டுகிற சில பொருட்கள் ஊறுகின்றன. சாதாரண நோவுக் குளிசைகள் பெரும்பாலும் அந்தப் பொருட்களைக் குறைப்பவை. அம்மாவின் காலில் அப்படி ஒன்றும் ஊறவில்லை, கம்பியே பழுது. அதனால் பனடோலைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பது வளர்ந்தவருக்கு உச்ச எல்லை, அதைத் தாண்டினால் ஈரல் கெடும். அம்மா மெலிந்தவர் என்றால் எட்டே கூடுதல்.

இந்தக் கதவை மூடினால் செய்தி நிற்கும் அல்லவா? அதைச் செய்கிற ஒன்று எங்கள் கடலிலேயே இருக்கிறது. கரைவலை இழுத்து முடிந்ததும் பேத்தை மீனை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். பந்துபோல ஊதிக் கிடக்கும், பிள்ளைகள் காலால் தட்டி விளையாடுவார்கள். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் இருக்கிற நஞ்சு, சோடியக் கதவின் வாயில் வெளியிலிருந்து வந்து தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், பிறகு கைகால் சோரும், கடைசியில் மூச்சு இழுக்கிற தசை நிற்கும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் அதன் கொடுமை. எவ்வளவு அவித்தாலும் அந்த நஞ்சு போகாது, முறிமருந்தும் கிடையாது. நஞ்சு தானாகக் கழுவுப்படும் வரை மெஷினால் மூச்சுக் கொடுத்து வைத்திருப்பதுதான் வைத்தியம்.

பல் பிடுங்கும்போது போடுகிற விறைப்பூசியும் இதே கதவைத்தான் மூடுகிறது. லிக்னோகேன், 1943இல் சுவீடனில் உருவாக்கியது. உள்ளே நடக்கிற வேலை பேத்தை செய்வதற்கு மிக நெருங்கியது. ஒன்று உயிரை எடுக்கிறது, மற்றது ஒரு மணித்தியாலம் உதட்டைத் தடிக்க வைத்துவிட்டுப் போகிறது. அளவும் இடமும்தான் வித்தியாசம். ஊசி ஓரிடத்தில் கொஞ்சமாக நிற்கிறது, மீனின் நஞ்சு உடல் முழுக்கப் போகிறது. இன்னொரு சின்ன விஷயம்: லிக்னோகேன் கதவை உட்பக்கமிருந்துதான் அடைக்கும், அதனால் முதலில் நரம்பின் கொழுப்புச் சுவரைக் கடந்து உள்ளே போக வேண்டும். சீழ் கட்டிய இடம் அமிலமாக இருக்கும். அமிலத்தில் மருந்து மின்னேற்றம் பெற்றுவிடும், சுவரைக் கடக்காது. முகம் வீங்கிப் போன பிறகு பல்லுக்கு ஊசி போட்டால் "விறைக்கவே இல்லை" என்று ஆட்கள் சொல்வது அதனால்தான். பல் டொக்டரின் கையில் பிழையில்லை.

அடுத்தது இரண்டு நரம்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. நீங்கள் கேட்ட மருந்தின் முக்கியமான வேலை இங்கேதான் நடக்கிறது. ஒரு நரம்பு அடுத்ததைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு வெளி. மின்சாரம் அதைத் தாண்டுகிறதா, வேறு ஏதாவது கடத்துகிறதா என்று பெரிய சண்டையே நடந்தது. 1921இல் ஒஸ்ரியாவில் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றில் நரம்போடு, மற்றது நரம்பில்லாமல். முதலாவதின் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவதில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஏதோ ஒரு சாற்றை நீருக்குள் விட்டிருக்கிறது என்று தெரிந்துபோனது. அந்தச் சாறு அசற்றைல்கோலின்தான் என்று பிறகு உறுதியானது. இந்தப் பரிசோதனையின் யோசனை அவருக்கு நித்திரையில் வந்ததாம். முதல் நாள் எழுதி வைத்ததைக் காலையில் அவராலேயே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவு அதே கனவு திரும்பி வந்ததும் நேரே ஆய்வுகூடத்துக்கே எழும்பிப் போய்விட்டார்.

அசற்றைல்கோலினின் பூட்டை எங்கள் பாட்டிமார் தினமும் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். பாக்கில் இருக்கிற அரிக்கோலின் அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளத் திறப்பு. வெற்றிலை போட்டதும் வாய் நிறைய எச்சில் ஊறுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஊமத்தங்காய் எதிர்ப்பக்கம். அதிலுள்ள அட்ரோபீன் அதே பூட்டுக்குள் போய் நிற்கும், ஆனால் திறக்காது, மற்றத் திறப்பையும் விடாது. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, இதயம் படபடத்து, ஆள் பிதற்றுவார். கண் கிளினிக்கில் சொட்டு விட்டபின் வெளிச்சம் கூசி, எழுத்துத் தெரியாமல் நிற்பீர்களே, அந்தச் சொட்டும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. வயலுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு எச்சில் வடிய, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்க, நெஞ்சு களகளக்கக் கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில பூச்சிமருந்துகள் அசற்றைல்கோலினைத் துடைத்தெடுக்கிற நொதியத்தை முடக்கிவிடும், பூட்டு திறந்தபடியே கிடக்கும். அப்போது மற்றவனைப் பிதற்ற வைக்கிற அதே அட்ரோபீனைத்தான், சுவாசப்பையில் நீர் வற்றும் வரை திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். நஞ்சென்று ஒதுக்கியது அந்த அறையில் உயிர் கொடுக்கும்.

ஹிஸ்ரமின் என்று இன்னொன்று. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரை மீனைச் சாப்பிட்டு முகம் சிவந்து தடித்து வருவது அதனால்தான். பக்ரீரியாக்கள் மீனிலேயே அதை உண்டாக்கிவிடுகின்றன, சமைத்தாலும் போகாது. அதற்குக் கொடுக்கிற பிரிட்டோன் குளிசை தோலில் ஹிஸ்ரமினின் பூட்டை மறைக்கும். அதே ஹிஸ்ரமின் மூளைக்குள் எங்களை விழிப்பாக வைத்திருக்கிற வேலையையும் செய்கிறது. பிரிட்டோன் மூளைக்குள்ளும் நுழைந்து அங்கேயும் மறைக்கிறது, நித்திரை தூக்கி அடிக்கிறது. பிறகு வந்த செற்றிரிசின் போன்றவை மூளைக்குள் அவ்வளவு போகமாட்டா, அதனால் மயக்கம் குறைவு.

இப்போது உங்கள் அம்மாவின் குளிசை. நான் மேலே சொன்ன ஒவ்வொரு பூட்டிலும் அமிட்ரிப்டிலீன் கை வைக்கிறது.

பாதத்திலிருந்து செய்தி மேலே போகிறது என்று மட்டும்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன். மூளையிலிருந்து கீழேயும் ஒரு கம்பி வருகிறது. அது முள்ளந்தண்டுக்கு வந்து, "போதும், இந்த நோவைக் குறைத்து அனுப்பு" என்று சொல்கிறது. சண்டைக்குள் காயம்பட்டவன் ஓடி முடித்த பிறகுதான் இரத்தத்தைப் பார்க்கிறான் என்றால் அது இந்தக் கம்பியின் வேலை. அது பேசுகிற பொருட்கள் நோரட்ரினலின், செரொட்டோனின். பேசி முடிந்ததும் நரம்பு அவற்றைத் திரும்ப உறிஞ்சி எடுத்துவிடும். அமிட்ரிப்டிலீன் அந்த உறிஞ்சுதலைத் தடுக்கிறது. பொருள் இடைவெளியில் கூட நேரம் நிற்கிறது, குறை என்ற கட்டளை பலமாகிறது. கூடவே பழுதான இழைகளின் சோடியக் கதவையும் ஓரளவு அடைக்கிறது. மனநிலையைக் கவனிக்கிற மூளைப் பகுதிகளும் இதே இரண்டு பொருட்களால்தான் பேசுகின்றன, அங்கே செய்யும்போது அது மனச்சோர்வுக்கு மருந்து. 1961இல் அதற்காகத்தான் அது கடைக்கு வந்தது, தாளிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மில்லிகிராமுக்கு மேல் போகும். அம்மாவுக்கு எழுதியது 10. டொக்டர் அம்மாவின் மனதைப் பார்த்து எழுதவில்லை, பாதத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். மனச்சோர்வுக்கே எழுதியிருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது வேறு கதை. அம்மாவிடம் மருமகனை விட நீங்கள் பேசுங்கள். "இது உங்கட கால் நரம்புக்கு அம்மா, டொக்டர் குறைஞ்ச அளவாத்தான் தந்தவர்" என்று சொன்னால் போதும்.

மற்றப் பூட்டுகளில் கை வைப்பதுதான் பக்கவிளைவு. ஹிஸ்ரமின் பூட்டு: நித்திரை வரும், அதனால்தான் இரவில். பிரிட்டோனைக் கூடச் சேர்த்துப் போட வேண்டாம். அசற்றைல்கோலின் பூட்டு: வாய் வறளும், மலம் இறுகும், மூத்திரம் தாமதிக்கும். அம்மா வெற்றிலை போடுகிறவர் என்றால் வாய் வறட்சிக்கு இன்னொரு வாய் போடத் தோன்றும், பாக்கு வாய்ப் புற்றுக்குக் காரணம் என்பதால் தண்ணீரோடு நிற்கட்டும். இரவில் எழும்பும்போது தலை சுற்றலாம், கட்டிலில் ஒரு நிமிடம் இருந்து பிறகு எழும்பச் சொல்லுங்கள். கண்ணில் அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, வேறு நோவு மருந்து ஏதாவது இருந்தால் கிளினிக் கொப்பியைக் காட்டி முதலில் கேளுங்கள். முதல் இரவே எரிவு நிற்கும் என்று பார்க்க வேண்டாம், இரண்டு மூன்று கிழமை பொறுக்க வேண்டும், அளவைக் கூட்டுவதும் டொக்டர்தான். மெற்ஃபோமின் பல வருடம் போடுகிறவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், அதுவும் இதே எரிவைத் தரும். அடுத்த கிளினிக்கில் அதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. இந்தக் குளிசை பொய்ச் செய்தியை அடக்கும், செத்த இழையை எழுப்பாது. எரிவு குறைந்த பாதம் சுகமான பாதம் இல்லை, உணர்வு குறைந்த பாதம். கோணேசர் கோயிலில் மத்தியானம் சுடுதரையில் வெறுங்காலோடு சுற்றி, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் போட்டும் வீட்டுக்கு வந்து மகள் பார்த்துச் சொல்லும் வரை தெரியாமல் இருந்த ஒரு அம்மாவுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன். அந்தக் காயம் ஆற ஐந்து மாதம் எடுத்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போனால் நீரை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். கோணேசரிடம் போவதென்றால் காலைப் பூசைக்கே போய்விட்டு வாருங்கள், வெயில் ஏறினால் அந்தக் கல் சுடும்.